முழங்கையில் காத்திருந்தவர்கள்

பாளையங்கோட்டைப் பேராசிரியை ஜெபகனி தன் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரஸ், 'வாங்க' என்று சொல்லாத உடம்புக்குள் நுழையாது. இது 1993-இல் தெரியவந்தது. புற்றுநோய்க் கட்டியை மட்டும் தின்னும்படி அதன் மரபணுவை அவர் வெட்டி ஒட்டித் திருத்தியிருந்தார். ஆறு வருடம் முயல்களுக்குப் போட்டுப் பார்த்ததில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை; முயலுக்கு வரவேற்கத் தெரியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர்கள் கைவிரித்த பிறகு பேட்டை ஷரீபா பீவி தானாக வந்து ஊசி போட்டுக்கொண்டார். தெருவில் போகிற தபால்காரரைக்கூட "வாங்க, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுகிற வாய் அது. ஒன்பதே நாளில் கட்டி கரைந்தது. அடுத்த மூன்று பேர் சிடுமூஞ்சிகள். அவர்களுக்கு ஊசி போட்ட இடம் வீங்கியதோடு சரி. 'வாங்க' என்று சொல்ல வைத்ததும் வீக்கம் உள்ளே இறங்கியது. ஜெபகனி இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினார். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள், 'வாங்க'வை எத்தனை மில்லிகிராம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள்.

மறு வருடம் அவருடைய அண்ணன் நேசையாவுக்குக் கல்லீரலில் கட்டி வந்தது. அண்ணனும் தங்கையும் பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது. 1987-இல் ஜெபகனி தன் புதுவீட்டில் குடிபுகும் பிரதிஷ்டை ஜெபத்துக்குக் கூடப்பிறந்தவரை நேரில் போய் அழைக்காமல், உதவியாளர் வன்னியராஜிடம் கார்டைக் கொடுத்தனுப்பிவிட்டார். வைரஸ் அப்போதுதான் முதன்முதலாக வளரத் தொடங்கியிருந்தது, விட்டுவிட்டு நகர முடியவில்லை. அந்த வாரத்தில் பிறந்ததாலோ என்னவோ, அழைப்பு விஷயத்தில் அதற்கு அப்படி ஒரு ரோஷம்.

நேசையா கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார், வாயைத்தான் திறக்கவில்லை. வைரஸ் முழங்கைக்கு உள்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டு நின்றது. பாஸ்டரையும் நர்ஸையும் அவர் 'வாங்க' என்றபோது, அது தனக்கில்லை என்று வைரஸுக்குத் தெரிந்திருந்தது. மனைவி ஜெபராணி அழுதுகொண்டே தானே 'வாங்க' என்று சொல்லிப் பார்த்தார். உடம்புக்குச் சொந்தக்காரர் கூப்பிடாமல் அது அசையவில்லை.

"அவ வீட்டு ஆளுகளுக்கு நான் எதுக்குச் சொல்லணும்?" என்றார் நேசையா.

பதினோராம் நாள் அவர் கண் மஞ்சளானது. ஜெபகனி, ஊர் பேர் தெரியாதவர்களை எல்லாம் பிழைக்க வைத்துவிட்டு, அண்ணனைப் பறிகொடுக்கப் போகிறோமே என்று அழுதார். பிறகு வீட்டுக்குப் போய், பீரோவைக் குடைந்து, அந்தப் பழைய கார்டுகளில் மிஞ்சியிருந்த ஒன்றைத் தேடி எடுத்தார். பட்டுச்சேலை கட்டி, தட்டில் வாழைப்பழமும் கல்கண்டும் கார்டும் வைத்து, அண்ணன் கட்டில் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, நம்ம வீட்டுப் பிரதிஷ்டை. குடும்பத்தோட வந்து நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும்."

நேசையா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேதி போயி ஏழு வருசம் ஆவுதே, பிள்ள."

"ஆமாண்ணே. வைரஸைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். தப்புத்தான்."

நேசையா கார்டை மறுபடி தட்டில் வைத்தார். பிறகு தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வா, உக்காரு. கையில நிக்கிறவுகளும் உள்ள வாங்க."

எலுமிச்சம்பழம் பைய அமுங்கியது. மூன்று வாரத்தில் கட்டி இல்லை. ஜெபகனி கட்டுரையின் செய்முறைப் பகுதியில் வாழைப்பழத்தையும் கல்கண்டையும் சேர்த்து எழுதினார். பத்திரிகைக்காரர்கள் பதிலே போடவில்லை. பிழைத்த சந்தோஷத்தில் நேசையா, "இருந்து சாப்பிட்டுப் போங்க" என்று உபசரித்துவிட்டதால் வைரஸ் முழுக்கப் போகவும் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லேசான காய்ச்சலாக வந்து இரண்டு நாள் தங்கும். ஜெபராணி அன்றைக்கு ஒரு இலை கூடுதலாகப் போடுவார். அதற்குப் பக்கத்து இலையில் ஜெபகனி உட்காருவார்.