பீரோவில் இல்லாத சான்றிதழ்

அவர் கதவைச் சாத்துவதற்குள் அவள் தன் காலை நடுவில் நுழைத்துவிட்டாள். கட்டைவிரல் நசுங்கியது. காலை எடுக்கவில்லை.

"ஏம்மா, ஒரு தடவ சொன்னாப் புரியாதா? நாளைக்கு வான்னு சொன்னேன்ல?"

"இது பதினோராவது நாளைக்கு, சார்."

தள்ளிக்கொண்டு உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினாறு மருந்துக் கடைகள் நடத்தும் நிறுவனம் அது. அவர் அதன் பணியாளர் மேலாளர்; ஊழியர்கள் வைத்த பெயர் 'நாளைக்கு சார்'. அவள் அங்கே மூன்று வருஷம் பார்மசிஸ்டாக இருந்தவள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்கச் சொன்ன அன்றைக்கே ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள். நோட்டீஸ் காலம் முழுக்க வேலையும் பார்த்துக் கொடுத்தாள். சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட ஒரிஜினல் சான்றிதழ்களைத்தான் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்கள்.

இன்று நாலு மணிக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் அவற்றைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் புது வேலை பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். இப்போது மணி பன்னிரண்டே கால்.

"சரி, நியாயமாப் பேசுவோம்" என்றார் நாளைக்கு சார். அவர் நியாயம் என்று ஆரம்பித்தாலே ஊழியர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். "உன் எடத்துக்கு ஒரு ஆளக் கொண்டாந்து உக்கார வை. கையோட வாங்கிட்டுப் போ."

"ஆள் புடிக்கறது என் வேலையா சார்?"

"அப்ப உன் பேப்பரத் தேடறது மட்டும் என் வேலையா? மொதல்ல ஒண்ணு சொல்லு. நீ எங்ககிட்ட ஒரிஜினல் குடுத்தேங்கறதுக்கு என்ன அத்தாட்சி? ரசீது வெச்சிருக்கியா?"

சுரீர் என்றது. ரசீது இல்லை. இதே அறையில், இதே மேஜை மேல், பல்லைக் காட்டிக்கொண்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். ரசீது கேட்டால் 'வரும்போதே வக்கீல் மாதிரி பேசுது' என்று நினைத்துவிடுவார்களோ என்று அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

எழுந்தாள். கிளம்பிவிட்டாள் என்று நினைத்து அவர் டீக் கோப்பையை எடுத்தார். அவளோ கதவை மலரத் திறந்து வாசலில் நின்றாள். வெளியே பெஞ்சில் புதிதாக வேலைக்கு வந்த நாலு பேர், மடியில் பைல்களோடு.

"இங்க பாருங்க" என்றாள், தெரு முனைவரை கேட்கும் குரலில். "ஒரிஜினல் குடுக்கப் போறீங்களா? நானும் குடுத்தேன். இப்ப சார் சொல்றாரு, நீ குடுக்கவே இல்லைன்னு. ஒவ்வொருத்தரா உள்ள போங்க. கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டுப் போங்க."

பெஞ்சில் ஒரு பெண் பைலை மார்போடு அணைத்துக்கொண்டாள். கடைசியில் இருந்தவர் மெல்ல எழுந்து, "ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்" என்று மாடிப்படியைப் பார்த்து நடந்தார். அவரைப் பார்த்து இன்னொருவரும் எழுந்தார்.

"ஏய்! ஏய்! உக்காருங்கப்பா!" நாளைக்கு சாரின் சட்டையில் டீ கொட்டியது. பீரோவைத் திறந்து ஒரு பைலை உருவினார். அவள் மேல் வீசினார். "எடுத்துக்கிட்டு ஓடு! இனிமே இந்தப் பக்கம் தல தெரிஞ்சுது..."

பட்டம் இருந்தது. மார்க் ஷீட் இருந்தது. பார்மசி கவுன்சில் கொடுத்த பதிவுச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் மாத்திரை அட்டையைக்கூட அவள் தொட முடியாது.

"அது எங்க?"

"ரெனீவலுக்குப் போயிருக்கு. நாளைக்கு வா."

மாடிப்படித் திருப்பத்தில் பைல் அறை அக்கா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரெனீவலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஸ்டேஷன் பக்கத்துல புதுசா நம்ம கடை தொறந்திருக்குல்ல, அங்க போ. பார்மசிஸ்ட் எங்கன்னு கேளு."

"ஏன்க்கா, அவங்ககிட்ட இருக்கா?"

"என் வாயக் கிளறாத தாயே. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

ஆட்டோவில் போய் இறங்கினாள். கவுண்டருக்குப் பின்னால் மீசைக்காரர் ஒருவர். முன்னால் கைக்குழந்தையோடு ஒரு தாய். குழந்தை காய்ச்சலில் துவண்டு அவள் தோளில் கிடந்தது. மீசைக்காரர் சின்னப் பெட்டி ஒன்றைக் கவரில் போட்டார்.

"அஞ்சு எம்.எல்., மூணு வேளை. கேட்டுச்சா?"

பெட்டியின் அளவைப் பார்த்ததுமே அவள் கவுண்டருக்குப் பாய்ந்தாள். கவரைப் பிடுங்கி, பக்கத்தில் கிடந்த டாக்டர் சீட்டைப் படித்தாள்.

"டாக்டர் எழுதினது சிரப். நீங்க குடுத்தது டிராப்ஸ்."

"ரெண்டும் ஒரே மருந்துதாம்மா. பேரு ஒண்ணுதானே?"

"இது நாலு மடங்கு கெட்டி. சொட்டுக் கணக்குல குடுக்கறத அஞ்சு எம்.எல். ஊத்தச் சொல்றீங்க. புள்ளையோட ஈரல் என்னத்துக்கு ஆகும்?"

தாயின் முகம் வெளுத்தது. "ஐயோ, காலைல நான் பால் பவுடர் வாங்க வந்தப்ப இன்னொரு புள்ளைக்கும் இதையேதான் குடுத்தாரு!"

"இந்தாம்மா, யாரு நீ? வியாபாரத்தக் கெடுக்க வந்தியா?" மீசைக்காரர் கவுண்டரைத் தட்டினார். "இங்க பார்மசிஸ்ட் மேடம் சொல்லித்தான் எல்லாம் நடக்குது."

"எங்க அவங்க?"

"சாப்பிடப் போயிருக்காங்க. நம்பலைன்னா மேல பாரு. மேடத்தோட ஒரிஜினலே மாட்டியிருக்கு."

நிமிர்ந்தாள். குளிர்பெட்டிக்கு மேலே கண்ணாடிச் சட்டம். கிட்டே போய் அதிலிருந்த பேரைப் படித்தாள். பிறகு போனை எடுத்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பேசினாள். கடையின் முகவரியைச் சொன்னாள். "உடனே வாங்க. காலைல வாங்கிட்டுப் போன ஒரு குழந்தையையும் தேடிப் புடிக்கணும்." நாலு மணி ஆஸ்பத்திரி அப்போது அவள் நினைவிலேயே இல்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"தொடாத! அது கம்பெனி சொத்து!"

"யாரு சொன்னா?" சட்டத்தை ஆணியோடு பிடுங்கினாள். "ஒருத்தர் படிச்சு வாங்கின சான்றிதழப் புடிச்சு வெச்சுக்க எந்த மொதலாளிக்கும் உரிமை கெடையாது. அத ரசீதுகூட இல்லாமத் தூக்கிக் குடுக்கறோம் பாருங்க, அங்கதான் நாம தொலையறோம். அதக் கையில வெச்சிருக்கறவன் செய்யற பாவத்துக்கெல்லாம் நம்ம பேருதான் முன்னால நிக்கும். கேட்டாக் காட்டணும், சரிபார்த்ததும் திருப்பி வாங்கணும். குடுத்துட்டு வரவே கூடாது."

"இதெல்லாம் சொல்ல நீ யாரு?" என்றார் மீசைக்காரர்.

சட்டத்தை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். மூலையில் இருந்த போட்டோவையும் அவளையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க மேடம்" என்றாள். "இன்னும் சாப்பிடல."