அழைக்காமல் வருகிற நாள்

செர்பியாவில் குலப்புனிதரின் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. பகையாளியானாலும் ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை கொடுத்து உட்காரவைக்க வேண்டும்.

மிலோயே கதவைத் திறந்தான். பனியில் அலேங்கா நின்றிருந்தாள். அவனை விவாகரத்து செய்தவள்.

கோடை விடுமுறை முடிந்ததும் மகள் நேதாவை ஸ்லோவேனியாவில் அவளிடம் கொண்டுவிடுவதாகச் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தான். விடவில்லை. இங்கேயே பள்ளியில் சேர்த்தான். கேட்டவர்களிடம், "அவளுக்குப் பிள்ளை வேணாமாம்" என்றான். நேதாவிடமும் அதையே சொன்னான்.

வக்கீலான அக்கா ரூஷா அன்று காலையில்தான் அவனைச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவன் பிள்ளையக் கடத்துவானான்னு ஊரெல்லாம் கேக்கற. கடத்துவான்டா. வளர்க்கிற உரிமை ரெண்டு பேருக்கும் இருக்கு. சொன்ன தேதி தாண்டி, அவ சம்மதமில்லாம இங்கயே வச்சுக்கிட்ட பாரு, சட்டத்துல அதுக்குப் பேரு அதான். கோர்ட்டு சொல்றதுக்கு முன்னாடி நீயே கொண்டுபோய் விடு."

"நான் அவ அப்பன்க்கா."

"அதனாலதான் கேவலமா இருக்கு."

இப்போது அவன் வாசலை மறித்து நின்றான்.

"யாருடா அது?" உள்ளேயிருந்து பக்கத்து வீட்டு விதோமிர் கத்தினார். "குளிர்தான் வருது, ஆளக் காணோம்!"

மிலோயே விலகினான்.

அலேங்கா தன் கத்தோலிக்க வழக்கப்படி இடமிருந்து வலமாகச் சிலுவைக் குறி இட்டாள். நின்றபடியே ஒரு கரண்டி கோதுமை உண்டாள். வீட்டுக்கு வாழ்த்துச் சொன்னாள்.

"யாரும்மா நீ?" என்றார் விதோமிர்.

"நேதாவோட அம்மா."

"பிள்ள வேணாம்னவ, கோதுமை திங்கவா இவ்வளவு தூரம் வந்த?"

அலேங்கா மிலோயேயைப் பார்த்தாள்.

"நானா வேணாம்னேன்?"

அவன் மேசை விரிப்பைப் பார்த்தான்.

நேதா சுவரோரம் நின்றிருந்தாள். அம்மாவிடம் ஓடவில்லை. அவனிடம் வந்து சட்டையை இழுத்தாள்.

"அப்பா, அம்மாவ உக்காரச் சொல்லலாமா?"

தன் தாய்க்காக அனுமதி கேட்டாள். கேட்கப் பழக்கியவன் அவன்தான்.

"சொல்லும்மா" என்றான். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், "அவ அப்படிச் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன்."

விதோமிர் கோப்பையைக் கீழே வைத்தார். ரூஷா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அலேங்கா உட்கார்ந்தாள். நேதா அதன் பக்கத்தில் போய் நின்றாள். சற்று நேரம் கழித்து அம்மாவின் மடியில் தலை வைத்தாள்.

இந்த நாளில் வீட்டுக்காரன் உட்காருவதில்லை; நின்று பரிமாறுவான். மிலோயே பரிமாறவும் இல்லை. நடையிலிருந்து நேதாவின் ஈரமான காலணிகளை எடுத்துவந்து, நாளைய பயணத்துக்குக் காயட்டும் என்று அடுப்பருகே வைத்தான். குனிந்தவன் வெகுநேரம் நிமிரவில்லை.