வாசனைக்கு வைத்த ஆப்பிள்

1

காலை பதினொன்று இருபதுக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். இந்தக் கதை என் மூக்கில் தொடங்கியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

நானும் என் கணவரும் வீடு வாங்குவதற்காகப் பார்க்கப் போயிருந்தோம். அது ஒன்பதாவது வீடு. இரண்டாம் மாடி, மூன்று அறை, கூடத்துச் சுவரில் ஈரம். வாசலைத் தாண்டியதும் பட்டையும் வெந்த ஆப்பிளும் கலந்த ஒரு வாசனை, வெதுவெதுப்பாக. என் கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதுதான் வீடு," என்றார்.

சுவரின் ஈரத்தை அவர் பார்க்கவே இல்லை. நானும்தான். திரும்பி வந்தபிறகு நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

அடுப்படியில், பஸ் ஓட்டுநரின் சீருடையில் ஒரு பெண், மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பதினொரு வருடமாக அங்கே வாடகைக்கு இருப்பவள். வீட்டை யார் வாங்கினாலும் அவள் காலி செய்ய வேண்டும். வாங்க வருகிறவர்களுக்காக அந்த வாசனையைச் செய்து வைத்தவளும் அவள்தான்.

கொஞ்சம் அவளே சொன்னாள். கொஞ்சம் நான் ஊகித்தேன். ஊகித்த இடங்களில் அடைப்புக்குறி போட்டிருக்கிறேன். சில இடங்களில் போட மறந்திருப்பேன்.

2

எழுதிக் கைவிட்ட முதல் வரிகள்:

அந்த வீட்டில் எப்போதும் இனிப்பான ஒரு மணம் —

(எப்போதும் இல்லை. ஆள் வரும் நாட்களில் மட்டும்.)

ஆப்பிளை நறுக்கியபோது அவளுடைய வாழ்க்கையும் துண்டு துண்டாக —

(இதை எழுதிய கையை என்ன செய்யலாம்.)

தரகர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார்.

இது இருக்கட்டும்.

தரகர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். அது அவள் தூங்கும் நேரம். விடிகாலை நாலே முக்காலுக்கு அன்றைய முதல் பஸ்ஸை எடுத்து, பத்து மணிக்கு விடுவாள். மறுபடி மூன்றிலிருந்து எட்டு வரை ஓட்டுவாள். நடுவில் கிடைக்கும் துண்டுப் பகல்தான் அவளுடைய ராத்திரி. கதவைத் திறந்தபோது கன்னத்தில் தலையணையின் கோடு இருந்தது.

"அக்கா, இது நம்ம ஆபீஸ் ஸ்லோ குக்கர். பத்திரமா வெச்சுக்குங்க."

"நான் உங்களுக்கு அக்கா இல்ல."

"சரிங்க மேடம். ஆள் வர்ற அன்னிக்குக் காலையில ரெண்டு ஆப்பிள், ஒரு பட்டை, ஒரு டம்ளர் தண்ணி. மூடி போட்டு விட்டுட்டீங்கன்னா போதும். வீடு பூரா மணக்கும். எட்டு வீடு இதை வெச்சே முடிச்சிருக்கேன்."

"எதுக்கு மணக்கணும்?"

"வர்றவங்களுக்கு வீடுன்னு தோணணும்ல."

"இது இப்ப என்னவா இருக்கு?"

தரகர் சிரித்தார். ஒயரைச் சுற்றியிருந்த கம்பியைக் கவனமாகப் பிரித்து, பிளக்கில் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். (அவரைக் கெட்டவராக ஒரு தரம் எழுதினேன். தங்கச் சங்கிலி, பான்பராக். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் கோபம் முழுக்க அவரோடு போய்விட்டது. அதனால் சங்கிலியைக் கழற்றிவிட்டேன்.)

"அப்புறம், பெரியவர்..." என்று கூடத்தைப் பார்த்தார்.

கூடத்தில் அவளுடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். கணவன் போன பிறகும் அவளோடேயே இருப்பவர். இரண்டு காலும் வீங்கி, இன்னொரு நாற்காலிமேல் நீட்டியிருந்தன.

"ஆள் வர்ற நேரத்துல ஐயா கொஞ்சம் கீழ உக்காந்தா நல்லது. கூடம் பெருசாத் தெரியும்."

"நான் என்ன பீரோவா, நகத்தி வைக்க?" என்றார் மாமனார்.

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க."

"பீரோன்னா தூக்க ரெண்டு ஆள் வேணும். நான் நானே நகந்துடுவேன். உங்களுக்கு அந்த வேலையும் மிச்சம்."

3

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. அந்தப் பெட்டியை ஏன் அவள் மாடியிலிருந்து வீசவில்லை? முதல் பிரதியில் அவளை அழவைத்திருந்தேன். அழுகிற பெண் வாசகருக்குப் பிடிக்கும். பிறகு கண்ணீரை எடுத்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை. எரிச்சலோடு பாத்திரம் கழுவுகிற ஆள்.

காரணம் இருந்தது. வீட்டுக்காரர் கடிதம் போட்டிருந்தார். ஒத்துழைத்தால் வீடு கைமாறும் வரை இருக்கலாம். இல்லையென்றால் மாதக் கடைசி. அவளுக்கு நாள் வேண்டும். முதல் பஸ்ஸை ஓட்டுகிறவள் வேலைக்குப் பஸ்ஸில் போக முடியாது. அந்த நேரத்தில் தெருவில் பஸ் கிடையாது. டிப்போவுக்கு நடக்கிற தூரத்தில் வீடு வேண்டும். கிடைக்காவிட்டால் வேலை போகும். அந்தச் சுற்றுவட்டத்தில் காலியாக இருந்த நாலு வீட்டிலும் கேட்டாள். பெரியவருக்கு நடமாட்டம் உண்டா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள்.

ஆகவே வைத்தாள்.

முதல் நாள் தரகர் சொன்னபடியே. வேலை முடிந்து வந்து மூடியைத் திறந்தால், வேகவைத்த விறகு மாதிரி ஒரு நாற்றம். ஆப்பிள் கஞ்சியாகிக் கிடந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த முறை அவளாகவே திருத்தினாள்.

கெட்டியான, லேசாகப் பச்சை ஓடிய ஆப்பிள் ஆறு. தோல் சீவி, ஒவ்வொன்றையும் எட்டாக. மெல்லியதாக நறுக்கினால் குழைந்துவிடும். தண்ணீர் கிடையாது. அரை எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு கைப்பிடி நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, சுண்டுவிரல் நீளத்துக்கு இரண்டு பட்டை, மேலே கொஞ்சம் வெண்ணெய். விடிகாலை நாலு மணிக்குக் குறைந்த சூட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவாள். எட்டு மணிக்கு மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், குக்கரின் குமிழை வெதுவெதுப்புக்குத் திருப்பி வைப்பார்.*

* நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்பிச் சேர அரை மணி நேரம் ஆகும். அவள் இதைச் சொன்னபோது, கதையில் வேறெதற்கோ பயன்படும் என்று குறித்துக்கொண்டேன். இப்போது அடித்துவிட்டேன். மூடி என்றால் மூடிதான்.

தரகரும் என் கணவரும் படுக்கையறை ஜன்னலை அளந்துகொண்டிருந்தபோது நான் அவளிடம் கேட்டேன்.

"தரகர் சொன்ன மாதிரியே வெச்சிருக்கலாமே. வர்றவங்க திரும்பிப் போயிருப்பாங்க."

"தெரியும். எனக்கு என்ன, மண்டையில ஒண்ணும் இல்லையா?"

"அப்புறம் ஏன்?"

"கேவலமா இருந்துச்சுங்க. என் அடுப்படில அப்படி ஒண்ணு வேகுறதை நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்க முடியும்? பிரேக் பாக்காம வண்டி எடுக்கச் சொல்றீங்களா?"

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. தன்னை வெளியேற்றும் வேலையைக்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாளே என்று. எழுதும்போதும் அந்தக் கோபம் போகவில்லை. நாலாவது பிரதியில்தான் ஒன்று உறைத்தது. அந்த ஒழுங்கில் மயங்கி அளவு நாடாவை வெளியே எடுத்தவர்கள் நாங்கள்.

4

பார்க்க வருகிறவர்கள் யாரும் ஆப்பிளைச் சாப்பிடவில்லை. அது சாப்பிட வைத்தது இல்லை. பாத்திரம் நிறைந்திருந்தால்தான் பார்க்க அழகு என்று தரகர் சொல்லியிருந்தார். அதனால் அவர்கள் போகும்வரை வீட்டிலும் யாரும் தொடுவதில்லை.

பத்தரைக்கு அவள் மாமனாரை ஒவ்வொரு படியாக இறக்கி, கீழே மின்மீட்டர்களுக்கு அடியில் உட்காரவைப்பாள். பார்க்க வருகிறவர்கள் அவரைத் தாண்டிப் போவார்கள். ஒரு முறை ஒருவர் அவரை வாட்ச்மேன் என்று நினைத்து, தண்ணீர் எப்படி என்று விசாரித்திருக்கிறார்.

"என்ன மாமா சொன்னீங்க?"

"நல்லா வரும்னேன். எங்கேர்ந்துன்னு கேட்டிருந்தா சுவத்துலேர்ந்துன்னு சொல்லியிருப்பேன். கேக்காமப் போயிட்டாங்க."

அவள் சிரித்தாள். (சிரித்திருப்பாள்.)

ஐந்தாவது முறை ஆள் வரவிருந்த நாள். அன்று டிப்போவில் ஒரு வண்டி பழுது. அவள் தாமதமாக, மூச்சிரைக்க வந்தாள். குக்கரின் மூடி சாய்ந்து கிடந்தது. உள்ளே ஆப்பிளின் நடுவில் ஒரு குழி. மாமனார் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், கையில் கரண்டி.

"யார் இதைத் தொறந்தது?"

"நான்தான்மா. பசிச்சுது."

"பசிச்சா ரொட்டி இருக்குல்ல?"

"மெல்ல முடியல. இது மெத்துன்னு இருந்துச்சு."

"பாக்க வர்றவங்களுக்கு வெச்சதுன்னு தெரியாதா உங்களுக்கு? எத்தனை தடவை சொல்றது? என்ன மாமா நீங்க, சின்னப் பிள்ளையா?"

மாமனார் கரண்டியைக் கழுவினார். துடைத்தார். மாட்டினார். அவசரமே இல்லை.

"சரிம்மா," என்றார். "அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். வா, கீழ கூட்டிட்டுப் போ."

இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நான் கத்தினேங்க," என்றாள். "வீட்டுக்காரர்கிட்ட கத்தல. தரகர்கிட்ட கத்தல. அவர்கிட்ட கத்தினேன். அன்னிக்கே அந்தக் குக்கரை என் தலையில போட்டு உடைச்சுக்கிட்டிருக்கணும்."

5

முடிவுகள்.

அ) ஒன்பதாவது வீட்டைப் பார்க்க நாங்கள் வரும் நாளில் அவள் ஆப்பிளோடு ஒரு பிடி காய்ந்த மிளகாயைப் போடுகிறாள். தரகர் இருமுகிறார், என் கணவர் தும்முகிறார், எல்லோரும் படியில் உருண்டு ஓடுகிறோம். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். உங்களுக்குப் பிடித்திருக்கும். மாதக் கடைசியில் அவள் தெருவில் நிற்பாள். உங்கள் சந்தோஷம் அவளுக்கு டிப்போ பக்கத்தில் ஒரு அறையைப் பிடித்துத் தராது.

ஆ) நான் தரகரிடம், "இந்த வீடு எங்களுக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடக்கிறேன். மறுநாள் வேறு ஒருவர் வாங்குகிறார். நான் நல்லவள் என்ற நினைப்போடு இந்தக் கதையை எழுதுகிறேன். மூன்றிலும் இதுதான் அசிங்கம்.

இ) வாங்குகிறோம், அவர்களையே இருக்கச் சொல்கிறோம். இதைப் படித்துவிட்டு என் கணவர் கேட்டார்: "அப்ப நாம எங்க இருக்கிறது? நம்ம வீட்டுக்காரன் நம்மளையும் அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லியிருக்கான். சாமானெல்லாம் உன் கதைக்குள்ள கொண்டுபோய் இறக்கலாமா?"

உண்மையில் அன்று நடந்தது இது. நாங்கள் அடுப்படியில் நின்றிருந்தோம். தரகர் அலமாரிகளைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அவள் குக்கரின் மூடியை எடுத்தாள். ஒரு கிண்ணத்தை எடுத்து விளிம்பு வரை நிரப்பினாள்.

"மேடம், அவங்க இன்னும் முழுசாப் பாக்கல," என்றார் தரகர்.

"பாக்கட்டும்."

"வாசனை போயிடும்."

"போகட்டும்."

எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து வெளியே போனாள். படியில் அவள் பூட்ஸ் சத்தம் கீழ்வரை கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமனாரின் கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள், யாராவது தடுக்க வந்தால் அடித்துவிடுகிறவள் போல.

தரகர் மூடியைத் திரும்பப் போட்டார். அவர் என் கணவரோடு கூடத்துக்குப் போனதும் நான் அதைத் திறந்தேன். ஒரு கரண்டி எடுத்தேன். பிறகு இன்னொன்று. துண்டுகள் உடையாமல் இருந்தன. நாக்கில் வைத்ததும் விட்டுக்கொடுத்தன. நன்றாக இருந்தது. என்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அதற்காக.

6

நேற்று மதியம் இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். தரகர் இல்லை. வீட்டில் வலி தைலமும் இஸ்திரி போட்ட சட்டையும் மணத்தன. மாமனார் கூடத்தில், தன் இடத்தில் இருந்தார். அவள் மதிய வண்டிக்குக் கிளம்பி, தோளில் பையோடு நின்றாள். உட்காரச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

படித்தேன்.

"பீரோ நல்லா வந்திருக்கு," என்றார் மாமனார். "ஆனா நான் ரெண்டு துண்டுதான் எடுத்தேன். குழின்னு எழுதியிருக்கீங்க."

"மாத்திடுறேன்."

"வேண்டாம். இருக்கட்டும். குழின்னாதான் சாப்பிட்ட மாதிரி இருக்கு."

அவள் மணியைப் பார்த்தாள். "முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல. முடிவு மூணு வெச்சிருக்கேன். மூணுமே சரியா வரல. படிக்கிறவங்ககிட்டயே விட்டுடலாம்னு..."

"யார்கிட்ட?"

"படிக்கிறவங்ககிட்ட. அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க."

"எங்களைப் பத்தியா?"

நான் பக்கங்களைச் சேர்த்து அடுக்கினேன். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லுமாறு தரகர் காலையிலேயே இரண்டு முறை அழைத்திருந்தார். வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அதை அவளிடமும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள், நான் முதலில் போகட்டும் என்று.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "இவ்வளவு எழுதியிருக்கீங்களே, வீடு கைமாறின மறுநாள் காலையில நாலு மணிக்கு நான் இவரை எங்க விட்டுட்டு வண்டி எடுக்கப் போறேன்னு அதுல எங்கயாவது இருக்கா?"