பிரபுவின் முன் இருக்கை

பேரரசின் விமானப்படையில் பன்னிரண்டு விமானங்கள் இருப்பதாக அடிஸ் அபாபா முழுக்கப் பேச்சு. பொய்யில்லை. கொட்டகைக்குள் போய் எண்ணினால் பன்னிரண்டும் இருந்தன. பறப்பவை மட்டும் மூன்று. மற்ற ஒன்பதும் சக்கரம், குழாய், திருகாணி என்று அந்த மூன்றுக்கும் வாரி வழங்கிவிட்டு எலும்பும் தோலுமாய் நின்றன. போர் தொடங்கியதும் மூன்றில் இரண்டு வடக்கே போயின. மிஞ்சியது பயிற்சி விமானம். முன்னால் ஓர் இருக்கை, பின்னால் ஓர் இருக்கை, இரண்டுக்கும் ஒவ்வோர் ஓட்டுகோல், ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும்.

மிஞ்சிய மாணவனும் ஒருவன்தான், பெசாபி. படிப்பில் பாதியை அவன் நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே ஓட்டுகோலுக்குப் பதில் துடைப்பக்கட்டையை வைத்துக்கொண்டு முடித்திருந்தான். பெட்ரோல் மிச்சம் பிடிக்க அதுதான் வழி என்று மேலிடம் கண்டுபிடித்திருந்தது. துடைப்பக்கட்டையில் அவன் ஒருமுறைகூடத் தரையில் மோதியதில்லை.

இன்று நிஜத் தேர்வு. பயிற்சியாளர் துப்ரே பிரெஞ்சுக்காரர். அவருடைய அரசாங்கம் ஊர் திரும்பச் சொல்லிவிட்டது. நாளைக் காலை ஜிபூட்டி ரயில். அவர் போனபின் இந்த நாட்டில் ஒருவனை விமானி என்று சொல்ல ஆள் கிடையாது. அவர் சட்டைப்பையில் இறக்கை வடிவப் பதக்கம் ஒன்று இருந்தது. அது கிடைத்தால் பெசாபி விமானி. கிடைக்காவிட்டால் தெஜாஸ்மாச் என்ற தளபதிப் பட்டம் பெற்ற யிம்மெர் பிரபுவின் படையில் கோவேறு கழுதை ஓட்ட வேண்டும், பெயர்கூடப் பதிந்தாகிவிட்டது. காலையிலிருந்து அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சக்கரத்தைப் போய் உதைத்துப் பார்த்தான். மெக்கானிக் தம்ரு அதட்டினார்.

"டேய், இருக்கிறதே அது ஒண்ணுதான். உதைக்கணும்னா என்னை உதை."

அந்த நேரம் பார்த்து யிம்மெர் பிரபுவே வந்து சேர்ந்தார். குடை பிடிக்க ஒருவன், துப்பாக்கி சுமக்க ஒருவன், அவரவர் துப்பாக்கியோடு சும்மா பின்னால் வர நாற்பது பேர். வானத்திலிருந்து எதிரியைப் பார்வையிடப் போவதாக அறிவித்தார். எதிரி இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கிறான் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

துப்ரேவுக்கு மூட்டை கட்டும் வேலை பாக்கி இருந்தது. இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்றார். மாணவன் ஓட்டட்டும், பிரபு கூடப் போகட்டும், அவ்வளவு எடையை இந்த மலைக்காற்றில் தூக்கி இறக்கினால் அதைவிடப் பெரிய தேர்வு வேறில்லை. பிரபுவைப் பின் இருக்கைக்கு அழைத்தார்கள். அவர் அசையவில்லை. அரண்மனையில் விடைபெறுகிறவர்கள் முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்தே வெளியேறும் ஊர் அது.

"முன்னால ஒருத்தன் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காருவான், நான் அதைப் பாத்துக்கிட்டே வானத்துக்குப் போகணுமோ?"

பெசாபி பின்னால் மாறினான். பின் இருக்கையிலிருந்தும் ஓட்டலாம். முன்னால் என்ன வருகிறது என்பதுதான் தெரியாது. தம்ரு அவசரமாக முன் ஓட்டுகோலைக் கழற்றப் போனார்.

"அதை ஏன்டா பிடுங்குறே?"

"தொடக்கூடாதது எஜமானே. பட்டுட்டா ஆபத்து."

"பின்னால இருக்கிறவனுக்கு இருக்கும், எனக்கு இருக்காதா? நட்டு வை."

நட்டு வைத்தார்.

விமானம் ஓடுதளத்தின் கடைசிப் புல்வரைக்கும் ஓடித்தான் எழுந்தது. எழுந்த மறுகணம் பிரபு இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக்கொண்டார், செங்கோலைப் பிடிப்பதுபோல. விமானத்தின் மூக்கு மேலே போயிற்று. பெசாபி தன் கோலைப் பலம் கொண்டமட்டும் எதிர்ப்பக்கம் தள்ளினான். கத்தினான். எஞ்சின் இரைச்சலில் அவனுக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பின்னாலிருந்து கத்துகிறவனுக்காகத் திரும்பும் வழக்கம் பிரபுவுக்கு இல்லை. பெசாபிக்குத் தெரிந்ததெல்லாம் சிங்கப்பிடரி தைத்த மேலங்கியும் அதற்குள் இருந்த அகன்ற முதுகும்தான்.

வேகம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் கல்லாய் விழும். சேணத்திலிருந்து நழுவுவதுபோல் விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த இறக்கைக்குக் கீழே மரியம் கோயிலின் வட்டக் கூரை வந்தது.

பிரபுவின் கைகள் கோலை விட்டன. தலை குனிந்து, நிதானமாகச் சிலுவைக்குறி போட்டார். கோயிலைக் கடக்கும்போது கோவேறு கழுதையிலிருந்து இறங்கி வணங்குகிற மனிதர். இங்கே இறங்க முடியாது. ஆகவே கூடுதலாக இன்னொரு முறை குனிந்தார்.

அதற்குள் பெசாபி மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்துவிட்டான். பிரபுவின் கைகள் திரும்பக் கோலுக்கு வந்தபோது அவன் மூளையும் வந்திருந்தது. நல்லவேளை, நகரத்தில் கோயிலுக்குப் பஞ்சமில்லை. மரியத்திலிருந்து கியோர்கிஸுக்கு, அங்கிருந்து யூரேலுக்கு. கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவே பிரபுவின் பிடியைத் தாங்கினான், கோயில் மேலே ஓட்டினான். துப்ரே சொல்லித்தந்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. இறங்கும் பாதையில் மட்டும் கோயில் கிடையாது. ஆனால் தரை எழுந்து வருவதைக் கண்டதும் பிரபு மேலங்கியை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். அதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

சக்கரம் மும்முறை குதித்து நின்றது.

நாற்பது பேரும் ஆரவாரம் செய்தார்கள். பிரபு இறங்கினார்.

"நானே ஓட்டினேன்," என்றார். "நம்ம எல்லாக் கோயிலையும் தரிசிச்சுட்டு வந்தேன். இந்தப் பய பின்னால கிடந்து என்னவோ இழுத்துக்கிட்டே இருந்தான்."

துப்ரே பதக்கத்தை எடுத்தார். பிரபு நெஞ்சை நிமிர்த்தினார். துப்ரே அந்த நெஞ்சைப் பார்த்தார், அதற்குப் பின்னால் நின்ற துப்பாக்கிகளைப் பார்த்தார், பதக்கத்தை அங்கேயே குத்தினார். பிறகு பெசாபியைத் தள்ளி அழைத்துப் போனார்.

"நல்லாத்தான் ஓட்டினே. ஆனா எங்கிட்ட பதக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் துப்பாக்கி நாப்பது. நான் நாளைக்கு ரயில் பிடிக்கணும்."

பெசாபிக்கு உள்ளங்கை எரிந்தது. கழுதைகள் எந்தப் பக்கம் கட்டியிருக்கின்றன என்று கண் தானாகத் தேடியது.

அப்போதுதான் அரண்மனையிலிருந்து குதிரையில் ஆள் வந்தான். கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, பதக்கம் குத்திய நெஞ்சைக் கண்டு, அதன் முன் தரை தொட வணங்கினான். வடக்கே போன இரண்டு விமானங்களும் திரும்பவில்லை. மருந்துப் பெட்டிகள் வாசலில் இருக்கின்றன. விமானி யாரோ அவர் அவற்றோடு இப்போதே வடக்கே போர்முனைக்குக் கிளம்ப வேண்டும், பேரரசரின் கட்டளை.

ஆரவாரம் பாதியில் நின்றது. குடை பிடித்தவன்கூடக் குடையைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

பிரபு நெடுநேரம் வானத்தை ஆராய்ந்தார். பிறகு பதக்கத்தைத் தாமே கழற்றிப் பெசாபியின் சட்டையில் குத்தினார். ஊசி தோலையும் தொட்டது.

"எனக்கு ஒரு படையே காத்திருக்கு. இவன் சின்ன வயசு, நான் ஓட்டினதைக் கூட இருந்து பாத்தவன். போகட்டும். ஆனா முன்னால எவனும் குந்தக்கூடாது. அது என் இடம்."

பெட்டிகளை வைக்க வேறு இடமில்லை. எனவே அவற்றை முன் இருக்கையில் அடுக்கி, பிரபு தம் மேலங்கியை மேலே போர்த்திக் கட்டச் செய்தார். மருந்துக்கு அந்தஸ்து வந்தது. தம்ரு காற்றாடியைச் சுழற்றிவிட்டு ஓடிவந்து பெசாபியின் தோளில் ஓர் அடி அடித்தார்.

ஒரு வருஷமாய் ஆசைப்பட்ட தனிப்பறத்தல். எஞ்சின் இருமியபோதெல்லாம் அவனும் இருமினான். எண்டோட்டோ மலைக்கு மேலே வந்தபோது உச்சியிலிருந்த கோயிலைக் கண்டதுபோல, முன் இருக்கையில் மேலங்கி காற்றில் குனிந்து நிமிர்ந்தது. அவனுடைய வலது கையும் கோலை விட்டு நெற்றிவரை போய்விட்டது. சட்டென்று இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

அதற்கு அப்பால் மலைகள்தான். எதிரில் என்ன வருகிறது என்று மேலங்கியின் முதுகு மறைத்துக்கொண்டே இருந்தது.