முட்டை மேல் போட்ட பழி

மனைவியின் எட்டுக் கருமுட்டைகளுக்குள்ளும் விந்தணுவை ஊசியால் கொண்டுபோய் விட்டும் ஒன்றுகூட விழித்துக் கருவாகவில்லை. "முட்டையில சத்தில்லை," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் விமலநாதன். பொறியியலாளர், தன் விந்தணு எண்ணிக்கையிலும் ஓட்டத்திலும் முதல் தரம் என்ற அறிக்கையைச் சட்டைப்பையிலேயே வைத்துத் திரிபவர். விவாகரத்துப் பத்திரம் தயார். போரால் மூடிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் மனைவி மங்களேஸ்வரி தாய் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது 2008. போர் முடியட்டும் என்று ஊரெல்லாம் வேண்டிக்கொண்டது. அவள் மட்டும் அதற்கும் பயந்தாள்.

கண்டியிலிருந்த அந்தச் சிகிச்சை நிலையத்தின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த கோகிலவாணிக்கு அந்தத் தீர்ப்புப் பொறுக்கவில்லை. தெல்தோட்டையில் தேயிலைக் கொழுந்தெடுத்த குடும்பத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப்போன முதல் ஆள் அவள். ஓடி வருவது மட்டுமா விந்தணுவின் வேலை? அதன் தலையிலுள்ள புரதம் உள்ளே கரைந்தால்தான் முட்டைக்குள் கல்சியம் அலையலையாக எழுந்து தணியும், முட்டை விழிக்கும். புரதம் சரியில்லையென்றால் எவ்வளவு ஓடியும் வீண்.

"டொக்டர், அவரு விந்தணுவ எலி முட்டையில விட்டுப் பாத்துருவோமே," என்றாள். டொக்டர் றம்லத் தலையசைத்தார்.

விமலநாதன் சிரித்துக்கொண்டே சம்மதக் கையெழுத்து வைத்தார். "செய்யுங்கோ. மனிசியின்ர சந்தேகம் தீரட்டும்."

இருபது எலி முட்டைகளில் பிள்ளை பெற்ற ஒருவரின் விந்தணு. இன்னும் இருபதில் அவருடையது. மறுநாள் காலை முதல் இருபதில் பதினேழு விழித்து இரண்டாகப் பிரிந்திருந்தன. அவருடையதில் ஒன்றே ஒன்று.

"முட்டையில குத்தமில்லைங்க சேர். எழுப்புற புரதம் ஒங்க பக்கந்தான் வேலை செய்யல," என்றாள் கோகிலவாணி, கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து.

"தோட்டத்துப் பிள்ளை எனக்குப் பாடம் எடுக்குதோ?"

"தோட்டம் எது, யாழ்ப்பாணம் எதுன்னு எலிக்குத் தெரியாதுங்க சேர்."

றம்லத் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அடுத்த முறை ஊசிக்குப் பிறகு, கல்சியத்தை ஏத்துற மருந்தில முட்டையைக் கொஞ்ச நேரம் வைப்பம். சரிவரலாம், வராமலும் போகலாம்."

பிள்ளை வேண்டி ஆறு வருடம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக விரதம் கிடந்தவள் மங்களேஸ்வரி. கதிரையை விட்டு எழுந்தாள்.

"செய்வம் டொக்டர். ஆனா முதல்ல அந்தப் பத்திரத்தைக் கிழிக்கட்டும்." கணவன் பக்கம் திரும்பினாள். "இந்தமுறை விரதம் நீங்கள் இருங்கோ. மிளகுத் தண்ணி நான் கரைச்சுத் தாறன்."