மூடாமல் விட்ட சாளரம்

மூன்றாவது முறையும் திரையில் 'அனுமதி இல்லை' என்றே வந்தது. பாங் ருஸ்லி கையிலிருந்த வாழைப்பழ வறுவலைத் தட்டில் வைத்தார். விரலில் ஒட்டியிருந்த மிளகாய்ச் சம்பலைத் துடைக்கக்கூட இல்லை.

தெர்னாத்தே தீவின் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் மூன்றே பேர். முதலாளி சல்மா; அவரை நாங்கள் இபு, அம்மா, என்போம். சர்வர்களைக் கவனிக்கும் ருஸ்லி; எனக்கு அவர் பாங், அண்ணன். படகுப் பயணிகளின் பெயர்களைத் தட்டச்சு செய்யும் நான்; அவர்களுக்கு நோனா, சின்னப் பெண்.

"என்னாச்சு, வாய்ல ஈ போகுது?" என்றார் இபு.

"மாயாவ் சர்வருக்குள்ள போக முடியல இபு. யார் யார் உள்ள வரலாம்னு ஒரு பட்டியல் போட்டேன். அதுல நம்ம கணக்கையே விட்டுட்டேன்."

"வீட்டைப் பூட்டி சாவிய உள்ளயே வச்சிட்டியா? நல்லாருக்கு. அங்க ஆள விட்டுத் திறக்கச் சொல்லு."

"சர்வர் இருக்கிற பெட்டியோட சாவி என்கிட்டதான் இருக்கு. படகு வெள்ளிக்கிழமைதான்."

அன்று திங்கள்.

மாயாவ் தீவின் அந்த இயந்திரம்தான் அலையின் உயரத்தை அளந்து மீனவர்களின் கைபேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்பும். வேலை முடியும்வரை ருஸ்லி அந்த எச்சரிக்கையை நிறுத்தி வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்து ஓடவிடலாம் என்று கணினியில் அந்த இணைப்புச் சாளரத்தை மூடிவிட்டுப் போயிருந்தார்.

"காத்து திரும்புற மாசம் ருஸ்லி. நாளைக்கு எத்தனை தோணி போகும் தெரியுமா?"

அவர் நான்காவது முறையும் முயன்றார். 'அனுமதி இல்லை.'

என் கணினியில், பயணிகள் பட்டியலுக்குப் பின்னால், ஒரு கறுப்புச் சாளரம் திறந்திருந்தது. அதில் மாயாவ் இயந்திரத்தின் பெயர் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ஏற்கெனவே உள்ளே இருப்பவரை ருஸ்லி போட்ட பட்டியல் வெளியேற்றாது. காலையிலேயே உள்ளே போயிருந்தேன். எட்டு மாதமாக அப்படித்தான். இபுவின் திரைக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அவருடைய பாஸ்வேர்டைப் பார்த்து வைத்திருந்தேன். உள்ளே எதையும் மாற்றியதில்லை. கட்டளைகளைப் போட்டுப் பார்த்து, வருவதை நோட்டில் எழுதிக்கொள்வேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னதற்காகவே பள்ளியை விட்டவள் நான். கறுப்புச் சாளரம் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாது.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவே தெரியாது.

கொஞ்ச நேரம் எதுவும் அடிக்காவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். என்டர் பொத்தானைத் தட்டினேன். இன்னும் இருந்தது. மறுபடி தட்டினேன். தட்டத் தட்ட, வெள்ளிக்கிழமை வரை இப்படியே தட்டிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

"பாங்," என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். என் குரல் அவர்களுக்கே புதிது.

"நான் உள்ளதான் இருக்கேன்."

ருஸ்லிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓடிவந்து என் திரையைப் பார்த்தார். "நோனா, கைய எடு. எதையும் தொடாத. வயர்ல கால் படாம எழுந்திரு."

என் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினார். எச்சரிக்கையை ஓடவிட்டார். பிறகு தன் சாளரத்தை மூடியதுபோலவே என் சாளரத்தையும் மூடப் போனார்.

"மூடாதீங்க!" என்று கத்திவிட்டேன். "முதல்ல உங்க கணினியிலேர்ந்து ஒருதடவ உள்ள வந்து பாருங்க."

இபு சிரித்துவிட்டார். "கேட்டுக்க ருஸ்லி, பெரிய ஆளு."

ருஸ்லி தன் இடத்துக்குப் போய் முயன்றார். கதவு திறந்தது. உடனே யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தார். இரண்டு வரி வந்தது. ஒன்றில் அவர் அப்போது நுழைந்த நேரம். இன்னொன்றில், இபுவின் பெயரில், காலை எட்டு பத்து.

"எத்தன நாளா?" என்றார் இபு. இப்போது சிரிக்கவில்லை.

சொன்னேன். நோட்டைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்த நேரம்தான் எனக்கு மிக நீளமாக இருந்தது.

"எட்டு மாசம் என் பேர வச்சுக்கிட்டு என் வீட்டுக்குள்ள நடமாடியிருக்க. அது திருட்டு. தெரியுதா?"

"தெரியும் இபு."

"வெளிய வா."

என் நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் பார்க்க, வெளியேறும் கட்டளையை அடித்தேன். மாயாவ் இயந்திரத்தின் பெயர் போய் என் கணினியின் பெயர் வந்தது.

இபு திரைக்கு அடியிலிருந்த சீட்டைக் கிழித்தார். "ருஸ்லி, பாஸ்வேர்ட மாத்து. அப்படியே இவளுக்குத் தனியா ஒரு கணக்குப் போடு. பார்க்க மட்டும், எதையும் மாத்தக் கூடாது." நோட்டை என் மேசையில் வைத்தார். "இனிமே வர்றதா இருந்தா உன் பேர்லயே வா."