அண்ணன் பக்கத்து விளக்கு

“யாரைக் கேட்டுடா என் விளக்கைத் தேய்ச்சே?”

“உன் விளக்கா? இது என் பக்கம்.”

“உன் பக்கமா? வண்டியில ஏறி உட்கார்ந்து பாரு. இடது எது வலது எதுன்னு அப்பத் தெரியும்.”

“விளக்கு முன்னாடிதானே இருக்கு, நான் எதுக்கு ஏறணும்? முன்னாடி நின்னேன், வலது கைப் பக்கம் இருந்ததைத் தேய்ச்சேன்.”

சத்தம் கேட்டதும், எதிர்மாடியில் காய்ந்த துணியையெல்லாம் எடுத்து முடித்திருந்த அம்மாள், அதிலே ஒரு போர்வையை மறுபடியும் உதறிக் கொடியில் போட்டாள். பாவம், ஈரம் இருந்திருக்கும்.

கீழே வாசலில் வண்டிக்கு முன்னால் சண்டை போட்டவர்கள் அண்ணன் தம்பி. அவர்கள் நடுவே சோப்புத் தண்ணீர் வாளியோடு நின்றவள் அண்ணன் மனைவி. தம்பிக்கு அண்ணி. அந்தப் பழைய வண்டியை இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுவிட்டு அப்பா கண்ணை மூடிவிட்டார். வீட்டைப் பிரிப்பது சுலபமாக இருந்தது: மாடி தம்பிக்கு, கீழ்வீடு அண்ணனுக்கு. வண்டியை எப்படிப் பிரிப்பது? நீளவாக்கில் பிரித்தார்கள். ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் இடது பாதி அண்ணனுடையது, வலது பாதி தம்பியுடையது. டயர், கதவு, மழை துடைக்கும் கை எல்லாம் அவரவர் பொறுப்பு. மழைநாளில் ஒரு கை புதுசாகத் துடைக்கும், மற்றது கந்தலாக இழுபடும். என்ஜின் நடுவில் இருந்ததால் அதற்கு இரண்டு பேரும் சொந்தம் கொண்டாடவில்லை. அதை அண்ணிதான் பார்த்துக்கொண்டாள்.

ஓட்டுவதும் அவள்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு விடியற்காலை வேலை. முதல் பஸ் கிளம்புவதற்குள் அவள் அங்கே பாதி மூட்டையைப் பிரித்திருக்க வேண்டும். விளக்குக் கண்ணாடி இரண்டும் மஞ்சள் பூத்து, கண்ணில் பூ விழுந்த மாதிரி மங்கிப்போனதால், வண்டிச் சோதனையில் போன முறையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளைக் காலை மறு சோதனை. அதிலும் தேறாவிட்டால் வண்டி பழைய இரும்புக்கு. வண்டி போனால் வேலையும் போகும். இதைச் சகோதரர்கள் இருவரிடமும் அவள் சொல்லியிருந்தாள். இருவரும் தலையாட்டிவிட்டு, அவரவர் பாதியைப் பற்றி மட்டும் யோசித்தார்கள்.

“போன வாரம்தான் பேஸ்ட் போட்டுப் பளபளன்னு ஆக்கி வச்சிருந்தேன்” என்றான் அண்ணன்.

“ஆக்கினது தெரியணும்ல? வந்து பார்த்தா ரெண்டும் ஒரே மஞ்சள். பல்லுக்குப் போடறதைக் கண்ணுக்குப் போட்டா ரெண்டு நாளைக்குத்தான் சிரிக்கும்.”

“கண்ணாடியைப் பத்தி எனக்கே பாடமா?” அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். “பாரு, பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.”

“முரட்டுத் தாள்ல தேய்ச்சா முதல்ல வெளுக்கத்தான் செய்யும். அடுத்து நைஸ் தாள், அதுக்கப்புறம் பாலிஷ்” என்றான் ஃபிரிஜ் மெக்கானிக்கான தம்பி. “பாதியில நிறுத்தினா என்ன பண்ண முடியும்?”

“இனிமே நீ அதைத் தொடக் கூடாது.” அண்ணன் மிச்சமிருந்த உப்புத்தாள்களைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அண்ணி வாளியைக் கீழே வைத்தாள். ஒரு விளக்கு பால், ஒரு விளக்கு மஞ்சள். இப்படியே கொண்டுபோனால் சோதனைக்காரர் வண்டியைப் பார்க்க மாட்டார், இவர்களைத்தான் பார்ப்பார்.

“என்னங்க, தம்பி உங்க பக்கத்தைத் தேய்ச்சுட்டார். அது முடிஞ்சு போச்சு. அவர் பக்கம் சும்மாதானே கிடக்கு, அதை நீங்க தேய்ங்க. கணக்கு நேராயிடும்.”

“அவன் பக்கத்துக்கு நான் உழைக்கணுமா?”

“உழைக்கச் சொல்லலை. எப்படித் தேய்க்கிறதுன்னு காட்டுங்க. கண்ணாடியோட இத்தனை வருஷம் இருந்தவர் நீங்க.”

அண்ணனின் மார்பு சற்று அகலமானது. “அப்ப பேஸ்டைக் கொண்டா.”

“தீர்ந்துடுச்சுங்க.” நேற்று வாங்கிய டியூப் அழுக்குத்துணிக் கூடைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. பொய் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. இஸ்திரி போட்ட முகம்.

வேறு வழியில்லாமல் அண்ணன் சட்டைப் பையைத் திறந்தான். தாள்கள் இரண்டாகப் பங்காயின. பெயின்டில் கீறல் படாமல் விளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, ஆளுக்கொரு குளியல் முக்காலியில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது வேலை இல்லை, போட்டி. சோப்புத் தண்ணீரில் தாளை நனைத்து ஒருவன் படுக்கைவாட்டில் தேய்த்தால், மற்றவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தான். மஞ்சள் கரைந்து பம்பரைத் தாண்டி ஒழுகியது. தாள் மாற்றும்போதெல்லாம் அண்ணன் கண்ணாடியில் ஊதி, தலையைச் சாய்த்துப் பார்த்தான், கடையில் வாடிக்கையாளருக்குச் செய்வது போல. சிறிது நேரத்தில் தம்பியும் ஊதத் தொடங்கினான்.

“அண்ணா, காயவிடாதே, கீறும். தண்ணி ஊத்து.”

“எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அண்ணன் ஊற்றினான்.

பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தபோது பால் விலகி, உள்ளே இருந்த பல்பு தெரிந்தது. கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, தம்பி வார்னிஷ் ஸ்பிரேயைக் குலுக்கினான். இதைப் பூசாவிட்டால் வெயில் பட்டு மறுபடியும் மஞ்சள் ஏறும். காயும்வரை தூசி மட்டும் படக் கூடாது. அண்ணி தலையை நிமிர்த்தினாள்.

“அக்கா, கொஞ்ச நேரம் உதறாம இருங்களேன்.”

“நான் துணிதாம்மா எடுக்கிறேன்” என்றாள் எதிர்மாடி அம்மாள்.

“அதே போர்வையை எத்தனை தடவைக்கா எடுப்பீங்க?”

மாடிக் கதவு சாத்தப்பட்டது. ஜன்னல் திறந்தது.

மறுநாள் சோதனைக்காரர் விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்தார். எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒரே அளவாக விழுந்தன. “எந்த ஒர்க்‌ஷாப்ல செஞ்சீங்க?” என்று கேட்டார்.

“அந்த வலது விளக்கைப் பாருங்க சார், அது நான் செஞ்சது” என்றான் அண்ணன்.

“சார், இடதை உத்துப் பாருங்க. அது என் கை” என்றான் தம்பி.

வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவன் பாதியை மற்றவன் புகழ்ந்துகொண்டிருந்தான். இருவருக்கும் அது உறைக்கவில்லை. சோதனைக்காரர் முத்திரை குத்திய தாளை நீட்டினார். கை நீட்டி வாங்கியவள் அண்ணி. “நீங்க பேசிட்டு பஸ்ஸுல வாங்க, எனக்கு அரை நாள்தான் லீவு, வேலைக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் பக்கத்து ஊரில் புதுச் சலவைக்கூடம் திறந்தபோது, அதற்கு அவளையே மேற்பார்வைக்குப் போட்டார்கள். புருஷனையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோனாள். கிளம்பும்போது தம்பி, “என் பாதியை அண்ணிக்குக் கொடுத்துட்டேன், உனக்கில்லை” என்று அண்ணனிடம் தெளிவாகச் சொன்னானாம். அவனும் அதிக நாள் தனியாக இருக்கவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவள் வீட்டோடு போய்விட்டான்.